சிங்க் அடியில் நாற்றம், சொட்டு: நானே சரிசெய்தது

எங்கள் வீட்டு சிங்க்கின் வேஸ்ட் பைப் நேராகத் தரை ஓட்டைக்குள் செருகியிருந்தது, அதனால் ராத்திரியானால் சாக்கடை நாற்றம், கூடவே கரப்பான். ஃபினாயில் ஊற்றி இது தீராது, வாயுவை மறிக்க நடுவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குத்தான் பாட்டில் ட்ராப், அதாவது சிங்க்குக்கும் வேஸ்ட் பைப்புக்கும் நடுவில் மாட்டும், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பாட்டில் மாதிரியான துண்டு. சிங்க் கப்ளிங்கின் (சிங்க் ஓட்டையில் மாட்டியிருக்கும் வடிகால் துண்டு) மரையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், வாஷ்பேசினுக்கு வருவது பெரும்பாலும் ஒன்றேகால் இஞ்ச், சிங்க்குக்கு ஒன்றரை. ட்ராப்பின் நட்டைக் கையால் முறுக்கினாலே போதும், தரை ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு அடைத்தேன்.

அப்புறம் சொட்டிக்கொண்டிருந்த ஆங்கிள் காக், அதாவது குழாய்க்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் சின்ன வால்வு. மாடித் தொட்டி வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றினேன். புதியதன் மரையில் டெஃப்லான் டேப்பை மரை முனை நம்மைப் பார்க்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். ஸ்பேனரில் ரொம்ப பலம் காட்டாதீர்கள், சுவருக்குள் எல்போ (பைப்பின் வளைவுத் துண்டு) விரிசல் விட்டால் டைல்ஸை உடைக்கணும். ஆங்கிள் காக்கிலிருந்து குழாய்க்குப் போகும் கனெக்ஷன் ஹோஸுக்கு டேப்பே வேண்டாம், உள்ளே வாஷர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியில் கீழே பழைய பேப்பரை விரித்து, சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டேன், பேப்பர் நனையவில்லை.