பாம்பன் பழைய தூக்குப்பாலத்தை அளந்து வரைவது எப்படி?

1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாலம் இது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தாயிற்று. பழைய பாலத்தை வரைந்து வைக்க நினைப்பவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம். உப்புக்காற்றில் இரும்பு கரைந்துகொண்டே இருக்கிறது.

1) நிற்கும் இடம்
தண்டவாளத்தில் ஏற ரயில்வேயின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டாலும் 1988-இல் திறந்த சாலைப்பாலத்திலிருந்தே நிறைய வேலை முடியும். ட்ரோனை நம்பித் திட்டம் போடாதீர்கள். அருகே உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது.

2) எண் இடுதல்
மண்டபம் கரையிலிருந்து 1, 2, 3 என்று கண்களுக்கு (இரு தூண்களுக்கு நடுவே உள்ள பாலப்பகுதி) எண் கொடுங்கள். 40 அடிக் கண்கள் மொத்தம் 145, கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப்பாலப் பகுதி தனி. பாலம் அடிக்கணக்கில் கட்டியது, ஆகவே அடியிலேயே எழுதி, மீட்டரைப் பக்கத்தில் போடுங்கள். 40 அடி என்பது 12.192 மீட்டர், அதை 12.2 என்று எழுதினால் 145 கண்களில் ஒரு மீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும்.

3) படம் எடுத்தல்
200 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸ், முக்காலி, இரண்டும் கட்டாயம். செல்போன் படம் அளவெடுக்க உதவாது. அதன் மென்பொருள் ஓரங்களை வளைத்துத் திருத்திவிடும். பாலத்துக்கு நேர் செங்குத்தாக நின்று எடுங்கள், சாய்வாக எடுத்தால் தூரத்துக் கண் சுருங்கித் தெரியும். புதுப்பாலத்தின் கம்பிகளும் படத்தில் கலக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்தால் எது எந்தப் பாலத்தின் கம்பி என்று நிழலை வைத்துப் பிரிக்கலாம்.

4) உருளும் வளைவு
பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். பாம்பனில் இருப்பது ஷெர்சர் வகைத் தூக்குப்பாலம், அது அச்சாணியில் சுழல்வதில்லை. இரு சிறகுகளின் (இருபுறமும் மேலே எழும் பாலப்பகுதிகள்) பின்பகுதியும் ஆடுநாற்காலியின் கால்போல வளைந்திருக்கும். வால்பக்கம் எதிர் எடை. திறக்கும்போது சிறகு பின்னோக்கி உருண்டபடியே மேலே எழும். ஆகவே ஓரிடத்தில் அச்சுப்புள்ளி குத்திச் சிறகைச் சுழற்றி வரைந்தால் படமே தவறு.

வளைவின் ஆரத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். வளைவில் இரு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணையுங்கள். அதன் நீளம் க. கோட்டின் நடுவிலிருந்து வளைவு வரை உயரம் உ.

ஆரம் = (க × க) ÷ (8 × உ) + உ ÷ 2

உதாரணத்துக்கு (பாலத்தின் அளவு அல்ல), க 4 மீட்டர், உ 0.5 மீட்டர் என்றால் ஆரம் 4.25 மீட்டர். உயரத்தில் 1 செ.மீ. தவறினால் ஆரம் சுமார் 7.5 செ.மீ. மாறும். அதே வளைவில் 2 மீட்டர் கோடு மட்டும் எடுத்தால் அதே 1 செ.மீ. தவறுக்கு ஆரம் 30 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். எனவே கிடைக்கிற மிக நீளமான கோட்டையே எடுங்கள்.

சரிபார்க்க, சிறகு திறந்திருக்கும் பழைய படம் ஒன்றை எடுத்து, மூடிய படத்தின் மேல் அதே அளவில் வையுங்கள். உருளும் தளம் மட்டமானது. ஆகவே வளைவின் மையம் கிடைமட்டமாக மட்டுமே நகரும். மேலே ஏறியோ கீழே இறங்கியோ தெரிந்தால் மையத்தைத் தவறாகக் குறித்திருக்கிறீர்கள். நகர்ந்த தூரமும் ஆரம் × திறந்த கோணம் (ரேடியனில்) என்பதோடு பொருந்த வேண்டும்.

5) வயது எழுதுதல்
எல்லாக் கர்டரிலும் (கண்ணைத் தாங்கும் இரும்பு உத்திரம்) "1914" என்று எழுதிவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் போயின, தூக்குப்பாலம் நின்றது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் மீண்டபோது கடலுக்குள்ளிருந்து மீட்டவையும் திரும்ப ஏறின. 2007-இல் அகலப்பாதையாக மாறியபோதும் வேலை நடந்தது. உறுப்புவாரியாக மூன்று நிறம் போதும்: ஆதாரம் உள்ளது, ஊகம், தெரியவில்லை.

6) துரு
தகடுகளுக்கு நடுவே புகுந்த துரு பருத்து, தகட்டை அலை அலையாகப் பிதுக்கும், ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலையைத் தெறிக்க வைக்கும். தலை போன இடங்களைக் கண் எண்ணோடு குறியுங்கள். "துருப்பிடித்துள்ளது" என்று பொதுவாக எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் பயன்படாது.

சேர்ப்பு: எந்த மென்பொருள் என்று பலர் கேட்டதால் சொல்கிறேன். இலவச வரைமென்பொருளான லிப்ரேகேட் தாராளம், ஆட்டோகேட் வாங்க வேண்டாம். கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் டிஎக்ஸ்எஃப் (வரைமென்பொருள்கள் திறக்கும் கோப்பு வகை) ஆகவும் சேமியுங்கள். லேசர் அளவுமானி வெயிலில் புள்ளியைக் காட்டாது, தண்ணீர்மேல் எண் தாவும். அனுமதி கிடைத்து மேலே ஏறினால் 30 மீட்டர் ஸ்டீல் டேப்பே நல்லது.