ஒளிப்பட்டையும் 5 வோல்ற்றுப் பின்னும்: ஆர்டுயினோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் வார இறுதிகளில் மாணவர் சிலருக்கு செய்நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையான ஆர்டுயினோவை வைத்துக் கருவிகள் செய்யச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கையை நீட்டினால் ஒளிரும் விளக்கு, காலடி பட்டால் ஒலிக்கும் படி என்று ஆசை ஆசையாகச் செய்கிறார்கள். அவர்கள் விடும் பிழைகளில் பெரும்பாலானவை நான் முன்னர் விட்டவையே. எல்.ஈ.டி.யை மாறிப் பொருத்துவது, தடையியை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை முதல் நாளிலேயே எவரும் கற்றுக்கொண்டுவிடுவர்.

பலகையிலிருந்து ஒளிப்பட்டைக்கு மின்சாரம் எடுப்பது

சென்ற சனிக்கிழமை ஒரு மாணவி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய 2 மீற்றர் ஒளிப்பட்டையின் சிவப்பு வயரைப் பலகையின் 5 வோல்ற்றுப் பின்னில் (வயர் இணைக்கும் முனையில்) செருகுவதைக் கண்டதும் எனக்குப் பழைய நவராத்திரி ஒன்று நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஒரு மண்டபத்தில் கொலுவுக்குப் பின்னால் ஒளித்தாமரை அமைக்கும் பொறுப்பை ஏற்றிருந்தேன். பிள்ளைகள் கையை நீட்டினால் மீயொலி உணரி அதை அறிந்து, இதழ்கள் ஒவ்வொன்றாக மலர்ந்து, இறுதியில் தாமரை முழுவதும் வெள்ளையாக ஒளிர வேண்டும். 3 மீற்றர் பட்டையில் 180 எல்.ஈ.டி.கள் இருந்தன. வீட்டில் மேசைமேல் சோதித்தபோது ஒரு தடவைக்கு 5 எல்.ஈ.டி.களை மட்டுமே ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. மண்டபத்தில் முதற் பிள்ளை கையை நீட்டியதும் தாமரை ஒரு கணம் மின்னி அணைந்தது. பலகை மீண்டும் தொடங்கியது, உணரி அதே கையைக் கண்டது, மறுபடியும் மின்னி அணைந்தது. உணரிதான் பழுது என்று நினைத்து அதை மாற்றினேன். பிறகு செய்நிரலைத் திருத்தினேன். பூசை தொடங்கும் வரை பிழை இல்லாத இடத்திலேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

கணக்கு மிக எளியது. டபிள்யூ.எஸ்.2812பி வகை எல்.ஈ.டி. ஒன்று முழு வெள்ளையில் ஏறத்தாழ 60 மில்லியம்பியர் எடுக்கும். ஐந்துக்கு 300 மில்லியம்பியர், 180க்கு 10.8 அம்பியர். ஆர்டுயினோ ஊனோவின் யூ.எஸ்.பி. வழியில் உள்ள உருகியோ 500 மில்லியம்பியருக்கானது. அதற்கு மேல் இழுத்தால் அழுத்தம் சரிந்து பலகை மீளத் தொடங்கும். அன்றைக்கு நான் அவசரத்தில் 12 வோல்ற்று அடாப்டரைப் பலகையின் வட்டத் துளையில் செருகியது இன்னும் பெரிய பிழை. பலகையில் அழுத்தத்தை 5 வோல்ற்றாகக் குறைக்கும் சிறிய ஒழுங்காக்கி எஞ்சிய 7 வோல்ற்றையும் வெப்பமாகவே கழிக்க வேண்டும். அரை அம்பியருக்கே அது 3.5 உவாற்று. விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி அது நின்றுபோனது. அன்றிரவு தாமரை மலரவேயில்லை.

ஆகவே பட்டைக்குத் தனியான 5 வோல்ற்று மின்வழங்கி வேண்டும், எல்.ஈ.டி.களின் எண்ணிக்கையை 60 மில்லியம்பியரால் பெருக்கிய பிறகே கடைக்குப் போங்கள். உலோகப் பெட்டி வடிவில் வரும் மின்வழங்கியில் 230 வோல்ற்று இணையும் திருகுகள் வெளியே தெரியும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதை மூடாமல் வைக்கவே கூடாது.

தனி மின்வழங்கி வாங்கியவர்கள் அடுத்ததாக விடும் பிழை, அதன் கிரவுண்டையும் (மறை முனையையும்) பலகையின் கிரவுண்டையும் இணைக்காமல் விடுவது. பலகை பட்டைக்குக் கட்டளை அனுப்பும் தரவு வயரில் போகும் 5 வோல்ற்று எதற்கு மேல் 5 வோல்ற்று என்று பட்டைக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் எல்.ஈ.டி.கள் கண்டபடி நிறம் மாறித் துடிக்கும். இணைக்கும்போது கிரவுண்டை முதலில் இணையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள். பட்டைக்கு மின் இல்லாத நேரத்தில் தரவு வயரில் சமிக்ஞை அனுப்பினால், அந்த வழியாகவே மின்னோட்டம் புகுந்து முதல் எல்.ஈ.டி.யைக் கெடுத்துவிடலாம். தரவு வயரில் 330 ஓம் தடையி ஒன்றும், பட்டையின் தொடக்கத்தில் நேர், மறை முனைகளுக்கிடையே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றும் வையுங்கள்; கொள்ளளவியின் மறை முனையைக் கவனித்துப் பொருத்துங்கள்.

பட்டையின் கடைசிப் பகுதி வெள்ளையாக இல்லாமல் செம்மஞ்சளாகத் தெரிந்தால் எல்.ஈ.டி. பழுது என்று எண்ண வேண்டாம். பட்டையின் மெல்லிய செம்பில் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. நீலமும் பச்சையும் கூடிய அழுத்தம் கேட்பவை என்பதால் அவையே முதலில் மங்குகின்றன. மறுமுனைக்கும் மின்வழங்கியிலிருந்து தடித்த வயர் இழுத்தால் சரியாகும். அடுத்த நவராத்திரிக்கு அப்படித்தான் இழுத்தேன், தாமரை ஒன்பது நாளும் மலர்ந்தது.

5 வோல்ற்றையும் 3.3 வோல்ற்றையும் கலப்பது

ஆர்டுயினோவைப் போலவே பயன்படும் ஈ.எஸ்.பி.32 பலகையின் பின்கள் 3.3 வோல்ற்றுக்கானவை. எச்.சி-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி உணரியின் எக்கோ பின் 5 வோல்ற்றைத் திருப்பி அனுப்பும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடையிகள் இரண்டால் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். பலகை உடனே சாகாது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை.

டிலே கட்டளையை நம்புவது

டிலே என்பது செய்நிரலைக் குறித்த நேரம் காத்திருக்க வைக்கும் கட்டளை; அது ஓடும் நேரத்தில் செய்நிரல் உணரியைப் பார்ப்பதில்லை. குழந்தை கையை நீட்டி, பதில் வராமல், போய்விடும். பலகை தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கட்டளையைக் கொண்டு நேரத்தை அளக்கப் பழகுங்கள்.

பிரெட்போர்டை மண்டபத்துக்குக் கொண்டுபோவது

வேண்டாம். அது வயர்களைச் செருகிச் சோதிப்பதற்கான பலகை மட்டுமே. ஈயம் வைத்து ஒட்டுங்கள்.

பழைய மடிக்கணினி பற்றறியைப் பிரித்து லித்தியம் கலங்களை எடுப்பது

பாதுகாப்புச் சுற்று இல்லாமல் தொடவே வேண்டாம்.

அசைவு உணரிக்கு அவகாசம் கொடாதது

மனித வெப்பத்தை அறியும் பி.ஐ.ஆர். உணரி, மின் கொடுத்த பிறகு நிலைப்பட ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும். அதற்குள் அது காட்டுவதை வைத்து உணரியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகாதீர்கள்.