லோஹி 2 சிப்பில் அணிப் பெருக்கல்: பூஜ்யத்துக்கு வேலை கொடுக்காத முறை

முழுக்க எண் நிரம்பிய அணியை (மேட்ரிக்ஸ்) பெருக்க ஜிபியு போதும். இன்டெல்லின் லோஹி 2 போன்ற, மூளை நியூரான்களைப் போல வேலை செய்யும் சிப்பால் லாபம் வருவது, அணியில் பெரும்பாலான கட்டங்கள் பூஜ்யமாக இருக்கும்போதுதான். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா வாய்க்கால்களே நல்ல உதாரணம். மணக்கடவு தாண்டி வரும் ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தறையில் இடது, வலது கரைக் கால்வாய்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு மடைக்கும் நேரடித் தொடர்பு பக்கத்து மடைகள் சிலவற்றோடு மட்டுமே. 1,000 மடைக்கு அணி போட்டால் 10 லட்சம் கட்டம். அதில் நிரம்புவது சில ஆயிரம்தான்.

கற்றுக்கொள்ளச் சிப் தேவையில்லை. பைத்தானில் லாவா என்ற, இந்தச் சிப்புக்கான லைப்ரரியை நிறுவினால் லேப்டாப்பிலேயே சிமுலேஷன் ஓடும்.

முதல் வேலை, வரிசை எண். ஒரு கோரில் (சிப்பின் ஒரு கணக்கிடும் பகுதி) இருக்கும் நியூரான்களுக்கு (மடைக்கு ஒன்று) வரும் எடைகள், அதாவது அணிக் கட்டங்களில் உள்ள எண்கள், அதே கோரின் நினைவகத்தில் உட்காரும். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை மடைகளை அகரவரிசையில் அடுக்கினால் பக்கத்து மடைகள் வெவ்வேறு கோர்களுக்குச் சிதறி, ஸ்பைக் (நியூரான் அனுப்பும் துடிப்புச் செய்தி) எல்லாம் சிப்புக்குள் அலையும். தண்ணீர் ஓடும் வரிசையில் எண் கொடுங்கள். வலை சிக்கலாக இருந்தால் பைத்தானின் சைபை (SciPy) லைப்ரரியில் உள்ள ரிவர்ஸ் கட்ஹில்-மெக்கீ என்ற வரிசைப்படுத்தும் முறை செய்து தரும்.

அடுத்தது எடைகளை 8 பிட்டுக்குள் அடக்குவது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு வரிசை 0.6, 0, −0.2, உள்ளீடு 5, 3, 10 என்றால் சரியான விடை 1. பெரிய எடையை 127 (குறியோடு 8 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்) ஆக்க, 127-ஐ 0.6-ஆல் வகுத்து 211.67-ஆல் பெருக்குங்கள். எடைகள் 127, 0, −42 ஆகும். 635-இல் 420 போனால் 215, திரும்ப 211.67-ஆல் வகுத்தால் 1.016. பிழை 1.6 சதவீதம். ஒரே ஒரு எடை மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் மற்றவை எல்லாம் பூஜ்யத்துக்குச் சுருங்கிவிடும். அப்போது வரிசைக்கு வரிசை தனி அளவுகோல் வையுங்கள்.

லாவாவில் எடைகளால் பெருக்கிக் கூட்டும் டென்ஸ் இணைப்பில் மெசேஜ் பிட் எண்ணிக்கையை (ஒரு ஸ்பைக் சுமக்கும் எண்ணின் பிட் அளவு) கட்டாயம் கொடுங்கள். தானாக இருப்பது 0. அப்படியே விட்டால் 5-உம் 10-உம் வெறும் ‘ஸ்பைக் வந்தது’ என்றே எண்ணப்படும். 215 வரவேண்டிய இடத்தில் 85 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. இன்னொன்று: டென்ஸ் தன் விடையை ஒரு காலப்படி தள்ளியே அனுப்பும். முதல் படியில் பூஜ்யம் வந்தால் பதறாதீர்கள்.

எண்ணை 0, 1 ஸ்பைக்குகளின் எண்ணிக்கையாக மாற்றும் பழைய வழியை இதற்குத் தொடவேண்டாம். தற்செயல் ஸ்பைக்கில் 0.5-ஐக் காட்ட 100 படி ஓடினாலும் பிழை 0.05 அளவில் நிற்கும், 0.005-க்கு இறக்க 10,000 படி வேண்டும். மதிப்பையே சுமக்கும் கிரேடட் ஸ்பைக் ஒன்று போதும்.

நீர்மட்டம் ஷட்டரைத் திறந்து மூடும்போதுதான் பெரிதாக மாறும் என்பதால், டெல்டா நியூரான் வைத்து மாற்றத்தை மட்டும் அனுப்புங்கள். நீர்மட்டம் அளக்கும் கோல் 1 செ.மீ. வரை துல்லியமாகக் காட்டினால், மாற்றத்தை அனுப்பும் வரம்பும் 1 செ.மீ. மேலே சொன்ன வரிசையில் இதனால் வரும் பிழை அதிகபட்சம் 0.8 செ.மீ.; எடைகளின் குறியை விட்டுக் கூட்டினால் கிடைக்கும் அளவு அது.

சிமுலேஷன் வேகத்தை வைத்துச் சிப்பை எடைபோடாதீர்கள்; லேப்டாப்பில் பைத்தானின் சாதாரண கணக்கு லைப்ரரியான நம்பை (NumPy) தான் முந்தும். ஒரு படியில் எத்தனை ஸ்பைக், ஒவ்வொன்றும் எத்தனை பூஜ்யமல்லாத எடையைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.