பழைய ஜாஸ் ஆல்பம், புது ரீமாஸ்டர்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகழ்பெற்ற பழைய ஜாஸ் ஆல்பம் எதையாவது தேடினால், அதே அட்டைப்படத்தோடு நாலைந்து பதிப்புகள் வந்து நிற்கும். எது நன்றாக ஒலிக்கிறது என்று போட்டுப் பார்க்கத் தோன்றும். ஆனால் அப்படிக் கேட்டுவிட்டு நாம் சொல்லும் தீர்ப்பில் ரீமாஸ்டருக்கு (பழைய பதிவின் சத்தத்தையும் தொனியையும் புதிதாகச் சரிசெய்து வெளியிடுவதற்கு) உள்ள பங்கு பல நேரம் ரொம்பக் குறைவு. வால்யூமும் அட்டையில் உள்ள எழுத்துகளும் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

முதலில் வால்யூம். சத்தம் கூடும்போது நம் காதுக்கு அடித்தளமும் (பாஸ்) உச்சமும் (ட்ரெபிள்) தூக்கலாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தால் அது சத்தமாகத் தெரியாது, ‘தெளிவாக’ இருப்பதாகத் தெரியும். சிக்கல் அங்கேதான். 1990-களிலிருந்து சிடிக்களின் சராசரி சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதனால் சத்தமாக வெட்டப்பட்ட ரீமாஸ்டர் கேட்ட பத்தாவது விநாடியிலேயே ஜெயித்துவிடும். சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள், கதையே மாறலாம். டிரம்ஸ் அடி மற்ற கருவிகளுக்கு மேலே துள்ளி எழாமல் அமுங்கிக் கிடப்பது அப்போதுதான் தெரியும்.

கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு ஃபூபார்2000 என்ற பாட்டு ஓட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள ரீப்ளேகெயின் வசதி இரண்டு பதிப்புகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஃபோனில் டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, உட்காரும் இடத்தில் வைத்து அளந்தால் ஓரளவு ஒப்பேறும். ஸ்ட்ரீமிங் ஆப்பின் செட்டிங்ஸில் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஆப்புக்குள் இரண்டு பதிப்புகளை ஒப்பிட அது உதவும். சிடியையும் ஆப்பையும் ஒப்பிடும்போது அதுவே ஏமாற்றும்.

அடுத்தது, எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பிடுவது. இதற்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. 1959-ல் நியூயார்க்கில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோவில், மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாளில் பதிவானது. முதல் நாள் டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும் இல்லையா? அப்படியே இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் கொஞ்சம் தூக்கலான சுருதியிலேயே முப்பது வருடங்களுக்கு மேல் விற்றன. 1992-ல்தான் சரிசெய்தார்கள். 1997 பதிப்புக்கு மார்க் வைல்டர் ஒலிகள் மூன்று தடங்களாகத் தனித்தனியே பதிந்த மூல டேப்பிலிருந்து புதிதாக மிக்ஸே (தடங்களின் கலவையையே) செய்தார்.

ஆகவே 1980-களின் சிடியையும் 1997 சிடியையும் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்து ‘ஸோ வாட்’ போட்டு, ‘புதுசு கனமாக, நிதானமாக இருக்கிறது’ என்று சொன்னால், நீங்கள் சொல்வது வேகத்தையும் மிக்ஸையும் பற்றி. ரீமாஸ்டர் அதில் ஒரு பகுதிதான். கச்சேரி கேட்டுப் பழகிய சென்னைக் காதுக்கு இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபோனில் சுருதிப்பெட்டி ஆப்பை இரண்டு கட்டையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓடவிடுங்கள். திருத்திய பதிப்பு ஏறக்குறைய ஒட்டி நிற்கும், பழையது விலகி உறுத்தும். நடுவில் எட்டு பார் (தாளச் சுற்று) மட்டும் இசை அரைக் கட்டை மேலே போய் வரும், அதை விட்டுவிடுங்கள்.

தொனியை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டாம் பக்கத்து ‘ஆல் ப்ளூஸ்’ நல்லது, அதில் வேகக் கோளாறு இல்லை. தொடக்கத்தில் ட்ரம்பெட் மியூட் (வாயில் செருகும் அடைப்பான்) போட்டுத்தான் வரும். உச்சத்தை ஏற்றிவிட்ட பதிப்பில் அந்த மியூட்டின் விளிம்பு காதைக் கீறும். பிறகு டேவிஸ் மியூட்டைக் கழற்றிவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் ட்ரம்பெட் சற்று முன்னால் வந்து, அதைச் சுற்றிக் காற்று இருப்பதுபோல் தெரிகிறதா என்று கவனியுங்கள். பால் சேம்பர்ஸின் பாஸில் ஒவ்வொரு மீட்டலும் விரல் பட்ட ஒலியோடு வருகிறதா, அல்லது வெறும் ‘பூம்’ என்று வருகிறதா? ஆல்பம் முழுவதையும் ஓடவிடுவதை விட இந்த நாலு நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது பலன் தரும்.

டேப் இரைச்சல் கேட்டால் உடனே மட்டமான மாஸ்டர் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அந்த ‘ஸ்ஸ்’ 1950-களின் டேப்பிலேயே உள்ளது. அதை அழிக்கப் போனால் சிம்பலின் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டின்) நீண்ட ரீங்காரமும் கூடவே போய்விடும். பாட்டு தேய்ந்து முடியும் கடைசி விநாடிகளில் இரைச்சல் சட்டென்று காணாமல் போனால் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் கேட்பதும் பெரிய தவறு. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் விலை உயர்ந்த எல்.பி.க்கள் முழுக்க அனலாக் (எங்கும் டிஜிட்டலாக மாற்றாதவை) என்றே ரசிகர்கள் பலர் நம்பிப் புகழ்ந்தார்கள். அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022-ல் வெளிவந்தது. அந்தத் தட்டுகள் நன்றாகவே ஒலிக்கின்றன, ஆனால் ‘டிஜிட்டல் வாடையே இல்லை’ என்று சொன்னவர்கள் கேட்டது எதை? எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வீட்டில் யாராவது மாற்றி மாற்றிப் போடட்டும். பத்து தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்காகவும் இருக்கலாம்.

சென்னை வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பது மே மாதத்தில் நடக்காத காரியம். ஆனால் பிரஷ் டிரம்ஸும் சிம்பலின் தேய்வும் விழுங்கப்படுவது அந்த ஃபேன் சத்தத்தில்தான். காதை மூடும் வயர் ஹெட்போன் இருந்தால் பாதி சிக்கல் தீரும். மார்கழி வந்தால் ஃபேன் தேவையில்லை. விடியற்காலையில் தெருக்கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும் என்பதால் இரவு பத்து மணிக்கு மேல் உட்காருங்கள்.

24-பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்கள் பாத்திரத்தின் அளவைத்தான் சொல்கின்றன, உள்ளே இருப்பதை அல்ல. டிஆர் எண்ணை (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் எண்) வைத்து எல்.பி.யையும் சிடியையும் ஒப்பிடாதீர்கள், ஒரே மாஸ்டராக இருந்தாலும் எல்.பி.க்கு எண் கூடுதலாகக் காட்டுவது வழக்கம். மூர் மார்க்கெட்டில் கிடைத்த தேய்ந்த தட்டை வைத்துப் பழைய மாஸ்டரை எடைபோடுவதும் நியாயமில்லை.

கடைசியாக, ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் ஆல்பங்கள். ‘பதிவு செய்த ரூடி வான் கெல்டரே 1999-லிருந்து ரீமாஸ்டர் செய்த வரிசை, அதற்கு மேல் என்ன வேண்டும்’ என்பார்கள். அந்த ஆர்.வி.ஜி. சிடிக்கள் சத்தமும் உச்சமும் தூக்கலாக இருப்பதாகச் சொல்பவர்கள் ஏராளம், எனக்கும் பல இடங்களில் அப்படித்தான் கேட்கிறது. அதே நிறுவனம் 2019-ல் தொடங்கிய டோன் போயட் வரிசை எல்.பி.க்களில் மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே வெட்டியவை என் காதுக்கு இதமாக இருக்கின்றன. ஆனால் 1950-களில் வான் கெல்டர் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு ஹாலில் பதிவு செய்தபோது முக்கியமாகக் கருதியது மோனோவைத்தான் (இடம், வலம் என்று பிரிக்காத ஒற்றைத் தடம்). அக்காலத்து ஸ்டீரியோவில் ஊதுகருவி ஒரு ஓரம், டிரம்ஸ் மறு ஓரம் என்று பிரிந்து கிடக்கும். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ மோனோவிலும் ஸ்டீரியோவிலும் கிடைக்கிறது. ஒருவரின் மோனோவையும் இன்னொருவரின் ஸ்டீரியோவையும் வைத்து ரீமாஸ்டர்களை ஒப்பிட முடியாது. மோனோவுக்கு மோனோ என்று எடுத்துக்கொண்டு, முடிந்தால் ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள்.