சுவா சூ காங் இடுகாடா, மண்டாய் அஸ்தி மாடமா: தமிழில் பெயர் பொறிப்பது வரை

வீட்டில் ஒரு சாவு என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் காகித வேலை ஒருவர் தலையில்தான் விழும். சிங்கப்பூரில் அந்த ஒருவர் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான். எங்கள் சித்தப்பாவுக்கு நான்தான் எல்லாம் பார்த்தேன். இறப்புச் சான்றிதழில் பெரிய வேலை இல்லை. 2022 மே கடைசியிலிருந்து மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே பதிவாகிவிடுகிறது, மை லெகசி என்ற அரசுத் தளத்தில் 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

படி 1: புதைப்பதா, எரிப்பதா

இங்கே புதைக்க இன்னும் இடம் தரும் பொது இடுகாடு சுவா சூ காங் மட்டும்தான். கட்டணம் பெரியவருக்கு 940 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முஸ்லிம்களுக்கு 315 (தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). 1998இல் வந்த கொள்கைப்படி அந்த இடம் 15 ஆண்டுகளுக்குத்தான். அப்புறம் தோண்டியெடுத்து, மதம் அனுமதித்தால் எரித்து அஸ்தி மாடத்துக்கு (அஸ்திக் கலசம் வைக்கும் சிறிய சுவரறை) போகும். இல்லையென்றால் சிறிய குழியில் மறுபடி புதைப்பார்கள். பிடாடாரி என்ற பழைய இடுகாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல, அங்கிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை எடுத்த இடத்தில் இன்று வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள்.

உங்கள் மதம் எரிப்பதை ஏற்றுக்கொண்டால் முதலிலேயே மண்டாய் தகனக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்பதே என் எண்ணம். 15 ஆண்டு கழித்துப் பிள்ளைகள் இன்னொரு முறை அந்த வேதனையைச் சுமக்க வேண்டாம். ஆனால் "மண்ணுக்குத்தான் போக வேண்டும்" என்று போனவரே சொல்லியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

படி 2: பதிவு

தகனத்துக்கு 100 வெள்ளி. காஸ்கெட் கடைக்காரரே (இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவர்) பதிவு செய்துவிடுவார். விண்ணப்பத்தில் யார் பெயர் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். இளையவராக, ஊரிலேயே இருப்பவராக இருந்தால் நல்லது, பின்னாளில் அவரைத்தான் தேடுவார்கள்.

படி 3: மாடம்

ஒருவருக்கான மாடம் 500 வெள்ளி, குடும்ப மாடம் 900. வரிசைப்படி அடுத்தது எதுவோ அதுதான் கிடைக்கும், நீங்களே இடம் பார்த்து எடுக்க இன்னும் 250. அதைக் கொடுத்துவிடுங்கள். சித்திக்கு முழங்கால் வலி, கழுத்தை நிமிர்த்தி மேல்வரிசையைப் பார்க்கவும் முடியாது. மாடம் கண் மட்டத்தில் இருப்பதால் அதை மூடியிருக்கும் பெயர்க் கல்லைத் தொட்டுப் பேசிவிட்டு வருகிறார். மாடமே வேண்டாம் என்றால் சுவா சூ காங்கில் 2021இல் திறந்த அமைதிப் பூங்காவில் அஸ்தியைத் தூவலாம். ஆனால் அங்கே பெயர்ப்பலகை கிடையாது, தூவியதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கடலில் கரைக்கப் புலாவ் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

படி 4: கல்லில் தமிழ்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கல் வெட்டுபவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர் போனில் சரியாகத்தான் தெரியும், அவர் அதை வெட்டும் மென்பொருளில் ஒட்டியதும் உடைந்துவிடும். யூனிகோடில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் 'தேவசகாயம்' என்பது 'தவேசகாயம்' போல நிற்கும். எங்களுக்கு வந்த மாதிரிப் படத்தில் அப்படித்தான் இருந்தது. பிழை என்று சொல்லித் திரும்ப அனுப்பினாலும் பயனில்லை, அவர் மறுபடி அதையேதான் ஒட்டுவார்.

வழி இதுதான். கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளைப் போடுங்கள், இலவசம், தமிழைச் சரியாகக் காட்டும். பெயரையும் தேதிகளையும் தட்டுங்கள். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். மெல்லிய கோடுள்ள அலங்கார எழுத்துருக்கள் கருங்கல்லில் தங்க மை பூசியதும் மங்கிப்போகும். கோப்பை ஒரு முறை சேமித்துவிட்டு, எழுத்தைத் தேர்ந்தெடுத்து 'பாத்' பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' அழுத்துங்கள். எழுத்துகள் இப்போது வெறும் கோட்டுருவம், எந்தக் கணினியிலும் உடையாது. அதைப் பிடிஎஃப் ஆக வேறு பெயரில் சேமித்து அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள், பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். வெட்டும் முன் நிஜ அளவில் காகிதத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லி, தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: கல்லறைக்கு வைத்த கல்லையே பிறகு மாடத்துக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியாது, அளவே வேறு. ஆனால் அந்த இங்க்ஸ்கேப் கோப்பை வைத்திருந்தால் எந்த அளவுக்கும் சுருக்கிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழோடு ஒரே இடத்தில் போட்டு, விண்ணப்பத்தில் பெயர் உள்ளவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.