பழைய அச்சுப்படங்களில் குழந்தை: பார்க்கப் பழகுவோம்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் அச்சான குழந்தைப் படங்கள் பலர் கண்ணிலும் பட்டிருக்கும். உப்பிய கன்னம், கறைபடாத உடை, சூதுவாது தெரியாத முகம். ‘அழகு’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல் அவற்றை நிதானமாகப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். பயிற்சிக்கு ஜான் எவரெட் மில்லே 1886-இல் வரைந்த ‘பபிள்ஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் தேடிப் பெரிதாகத் திறந்து வையுங்கள்.

முதல் படி: பார்ப்பதை மட்டும் எழுதுங்கள், அர்த்தம் அப்புறம். பச்சை வெல்வெட் உடுத்திய சிறுவன். பொன்னிறச் சுருட்டை முடி, கழுத்தில் வெள்ளைச் சுருக்குக் காலர், கையில் கிண்ணமும் ஊதுகுழலும். மேலே மிதக்கும் சோப்பு நுரைக் குமிழியை அண்ணாந்து பார்க்கிறான்.

இரண்டாம் படி: ஓரங்களுக்குப் போங்கள். ஒரு பக்கம் தொட்டியில் செடி வளர்கிறது. மறுபக்கம் உடைந்த தொட்டி கிடக்கிறது. வாழ்வும் சாவும்தான். குமிழியும் நிலையாமையின் அடையாளம். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களே அப்படி வரைந்திருக்கிறார்கள். அது உடையப்போவது பார்க்கும் பெரியவர்களுக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. அவன் முகத்தில் நாம் காணும் கள்ளமின்மை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

மூன்றாம் படி: கைகளைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. 1878-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 10 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பத்து வயதைத் தாண்டிய ஏழைப் பிள்ளைகளுக்குப் பாதிப் பொழுது பள்ளி, பாதிப் பொழுது ஆலை. அதே காலத்துச் சிறுவன்தான் இவன், ஆனால் மில்லேயின் பேரன். விளையாட மட்டுமே தெரிந்த கை. குழந்தை என்றால் உழைக்காதது, அழுக்குப்படாதது என்ற வசதியான வீட்டு எண்ணம் இந்தப் படத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானதுபோல் நிற்கிறது.

நான்காம் படி: யார் அச்சிட்டார்கள், எதற்காக என்று தேடுங்கள். ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதைத் தன் 1887 கிறிஸ்துமஸ் மலரில் வெளியிட்டது. பிறகு பியர்ஸ் சோப் நிறுவனத்தின் தாமஸ் பாரட் ஓவியத்தை வாங்கி, ஒரு சோப்புக் கட்டியை வரைந்து சேர்த்து விளம்பரமாக்கினார். நிலையாமையைச் சொன்ன குமிழி சோப்பின் பெருமையைச் சொல்லத் தொடங்கியது. சுத்தமான பிள்ளை நல்ல குடும்பத்தின் அடையாளமானது. படம் வீடு வீடாகப் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான், உடைந்த தொட்டியை யாரும் கவனிக்காமல் போனதுதான் வருத்தம்.

பழைய தாள் பிரதியே கையில் கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் அநேகமாக வண்ணக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து பல வண்ணங்களில் அச்சிடும் பழைய முறை. வலைபோலச் சீராக இருந்தால் பிந்தைய அச்சுமுறை.

சரி, இனி நீங்களே செய்து பாருங்கள். மில்லேயின் ‘செர்ரி ரைப்’ (1879) படத்தையும், ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1788-இல் வரைந்த பெனலப்பி பூத்பி என்ற சிறுமியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே தொப்பி, அதே கறுப்புக் கையுறை ஏன் என்று கேட்டுக்கொண்டு, கைகளிலிருந்தே தொடங்குங்கள்.