24 வோல்ட் சென்சார், 3.3 வோல்ட் போர்டு: நடுவே ஒரு பிசி817

ஆலையில் ஓடும் பிராக்சிமிட்டி சென்சார் (பொருள் அருகே வந்ததை உணர்வது) 24 வோல்ட் தரும். இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் காலுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைக் குறைத்தால் போதாதா? மேசையில் போதும். பக்கத்திலேயே மோட்டார் கான்டாக்டர் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய மின்காந்த சுவிட்ச்) விழுந்து எழும் பேனலில், கம்பி வழியே வரும் இரைச்சல் போர்டை ரீசெட் ஆக்கிவிடும். அதனால் கம்பித் தொடர்பை அறுத்துவிட்டு, தகவலை மட்டும் வெளிச்சமாக அனுப்புகிறோம். அதற்குத்தான் பிசி817 என்ற ஆப்டோகப்ளர் சிப். அதன் கூட்டுக்குள் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் வெளிச்சம் பட்டால் ஆன் ஆகும் போட்டோடிரான்சிஸ்டர். அவ்வளவுதான் சங்கதி.

1. கால்களை அடையாளம் காணுங்கள். புள்ளி இருப்பது 1-ஆம் கால்: ஆனோடு. 2 கேத்தோடு, 3 எமிட்டர், 4 கலெக்டர். பிரெட்போர்டின் நடுப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டாகச் செருகுங்கள்.

2. எல்இடி பக்கம். எல்இடி சுமார் 1.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 22.8 வோல்ட்டை 4.7 கிலோ ஓமால் வகுத்தால் 4.85 மில்லிஆம்பியர்; தாராளம். கால் வாட் ரெசிஸ்டர் போதும், விரயமாவது 0.11 வாட்தான். பிஎன்பி சென்சாரின் (ஆன் ஆனால் பிளஸ் 24 வோல்ட்டை வெளியே தரும் வகை) அவுட்புட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக 1-ஆம் காலுக்கு. 2-ஆம் கால் 24 வோல்ட் சப்ளையின் மைனஸுக்கு. எல்இடி தலைகீழாக 6 வோல்ட்தான் தாங்கும். கம்பி மாறிப்போகும் என்ற பயம் இருந்தால் 1என்4148 டையோடு ஒன்றை எல்இடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் போடுங்கள். நான் எப்போதும் போடுவேன்.

3. போர்டு பக்கம். 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 4-ஆம் காலுக்கு. அதே காலிலிருந்து இஎஸ்பி32 இன்புட்டுக்கு. 3-ஆம் கால் போர்டின் கிரவுண்டுக்கு. சென்சார் ஆன் ஆனால் இன்புட் பூஜ்யமாகும். தலைகீழ் லாஜிக், புரோகிராமில் திருப்பிக்கொள்ளுங்கள்.

4. அளந்து பாருங்கள். ஆன் நிலையில் 1-2 நடுவே 1.2 வோல்ட் அளவில் காட்டும், 4-3 நடுவே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஆஃப் ஆனால் 4-3 நடுவே 3.3.

5. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சிப்பின் விவரத்தாளில் 5000 வோல்ட் இன்சுலேஷன் என்று இருக்கும். ஆனால் அதே 24 வோல்ட்டிலிருந்து மலிவான பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைக்கும் மாட்யூல்) வைத்து போர்டுக்கும் சப்ளை எடுத்திருப்போம். அந்த மாட்யூலில் உள்ளே போகும் மைனஸும் வெளியே வரும் மைனஸும் ஒரே தடம். ரெண்டு கிரவுண்டும் பின்வாசல் வழியாகச் சேர்ந்துவிட்டன. ஆப்டோகப்ளர் வெறும் அலங்காரம். போர்டுக்குத் தனி அடாப்டர், இல்லையென்றால் ஐசோலேட்டட் டிசி-டிசி மாட்யூல் (உள்ளே போகும் மைனஸும் வெளியே வரும் மைனஸும் தனித்தனியாக இருப்பது) வேண்டும்.

கதவு, எண்ணிக்கை, லிமிட் சுவிட்ச் போன்ற மெதுவான சிக்னலுக்கு பிசி817 சரி. 115200 பாட் சீரியலுக்கு இது ஓடாது, வேகமான ஆப்டோகப்ளரான 6என்137 வாங்குங்கள். 230 வோல்ட்டை இந்த பிரெட்போர்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கடைசியாக, எல்லா சப்ளையையும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து ரெண்டு கிரவுண்டையும் தொடுங்கள். பீப் அடித்தால் ரெண்டும் எங்கோ சேர்ந்திருக்கின்றன: அந்த பக் கன்வர்ட்டர் வழியாகவோ, குறுக்கே கிடக்கும் ஒரு ஜம்பர் வயர் வழியாகவோ.